ஐம்பத்தெட்டாம் வரி

அவருக்குப் பின்வழியார் என்று பெயர் வந்தது, பின்வாசல் வழியாக வேலைக்கு வந்ததால் அல்ல. அப்படி வந்தவர்கள் அந்த மருத்துவமனையில் வேறு சிலர் உண்டு. அவர்களுக்குப் பட்டப்பெயர் வைக்கும் துணிச்சல் யாருக்கும் இல்லை. இவரிடம் எந்த வேலையைக் கொண்டுபோய் நீட்டினாலும் முதலில் கேட்பது ஒன்றைத்தான்: "சரி, பின்வழி என்ன?" அதாவது, இந்த மாற்றம் சொதப்பினால் பழைய நிலைக்குத் திரும்புவது எப்படி. கணினி வலையமைப்பைப் பார்த்துக்கொள்கிறவர்கள் எல்லோரும் கேட்க வேண்டிய கேள்விதான். மற்றவர்கள் அதை அலுவலகத்திலேயே வைத்துவிட்டு வீட்டுக்குப் போவார்கள். இவர் வீட்டுக்கும் எடுத்துக்கொண்டு போனார்.

திருமணப் பதிவு அலுவலகத்தில் கையெழுத்துப் போடும் முன், இதை ரத்து செய்ய எந்தப் படிவம் என்று எழுத்தரிடம் விசாரித்தவர் அவர். பக்கத்தில் உட்கார்ந்திருந்த மணப்பெண் இன்றுவரை அதைச் சொல்லிக்காட்டுவாள். "அப்பவே எழுந்து போயிருக்கணும். பேனா நல்லா எழுதிச்சேன்னு நானும் போட்டுத் தொலைச்சுட்டேன்." திரையரங்கில் வெளியேறும் கதவுக்கு அடுத்த இருக்கை, குடியிருக்க இரண்டு வாசல் உள்ள தரைத்தள வீடு. சட்டை வாங்கினால் மூன்று நாள் விலைச்சீட்டைக் கிழிக்காமல் போட்டுக்கொண்டு திரிவார்.

அவரைப் பெரிய நிபுணர் என்று சொல்வதற்கில்லை. இருபத்தாறு வருடத்தில் புதிதாக எதையும் யோசித்ததில்லை. அவர் எழுதிவைத்த குறிப்புகளைப் படித்தால் கொட்டாவி வரும். ஆனால் அவர் கையால் ஒரு நிமிடம்கூட வலையமைப்பு படுத்ததில்லை. இதை அவரே வாரத்துக்கு இரண்டு முறை சொல்லிக்கொள்வதால் நாம் தனியாகப் பாராட்ட வேண்டியதில்லை.

மருத்துவமனையின் அடித்தளத்தில், குளிரூட்டிய இயந்திர அறையில், இரண்டு கோர் ஸ்விட்சுகள் பதினான்கு வருடமாக இரைந்துகொண்டிருந்தன. மருந்தகம், ஆய்வகம், எக்ஸ்ரே என்று ஒவ்வொரு பிரிவின் கணினிகளும் ஒரு தெரு என்று வைத்துக்கொண்டால், நாற்பத்தொரு தெருக்களும் வந்து சேரும் சந்தி இந்தப் பெட்டிகள்தான். ஒரு தெருவிலிருந்து இன்னொரு தெருவுக்கு எந்தச் செய்தி போவதானாலும் இங்கே நின்று வழி கேட்டுவிட்டுத்தான் போக வேண்டும். இரண்டில் ஒன்று எல்லா வேலையும் செய்தது. மற்றது, அது விழுந்தால் பார்த்துக்கொள்ளலாம் என்று விளக்கு மினுக்கிக்கொண்டு சும்மா நின்றது. ஆகவே முதலாவதற்கு மாமியார் என்றும் இரண்டாவதற்கு மாமனார் என்றும் பெயர்.

இனி உதிரிப் பாகம் கிடையாது என்று தயாரித்தவர்கள் கைவிரித்த பிறகு புதிதாக இரண்டு பெட்டிகள் வந்து இறங்கின. மூத்த மருமகள், இளைய மருமகள். மாமியார் இடுப்பில் இருக்கும் நாற்பத்தொரு சாவிகளையும் ஒவ்வொன்றாக அவிழ்த்து மூத்த மருமகள் இடுப்பில் செருக வேண்டும். வீட்டில் யாருக்கும் தெரியக் கூடாது. வேலை அவ்வளவுதான்.

இதையெல்லாம் நடுராத்திரியில் செய்வது உலக வழக்கம். பின்வழியார் மூன்று மாதத்துப் போக்குவரத்தை வரைபடமாகப் போட்டுப் பார்த்தார். ராத்திரி அவசரப் பிரிவில் ஒரே நெரிசல். ஞாயிறு மதியம் ஒன்றரை முதல் மூன்று வரைதான் கட்டடமே அடங்கிக் கிடந்தது. "நோய்க்கும் சாப்பிட்டா தூக்கம் வரும்போல" என்றார். அவர் வாழ்நாளில் சொன்ன ஒரே நகைச்சுவை அது. அதுவும் புள்ளிவிவரம்.

ஆறு ஞாயிறுகளில் முடிப்பதாகத் திட்டம். அறுபத்துமூன்று வரிகள் கொண்ட ஒரு பட்டியல். ஒருவர் வரியை உரக்க வாசிப்பார்; மற்றவர் லேப்டாப்பில் தட்டுவார். வாசிக்கிறவர் தட்டக் கூடாது, தட்டுகிறவர் வாசிக்கக் கூடாது. பின்வழியாரே போட்ட விதி. சட்டகம் போட்டுச் சுவரில் மாட்டாததுதான் பாக்கி. வாசித்தவர் அவர். தட்டியவள் மூணு.

தொலைபேசிப் பட்டியலில் 'ஒப்பந்தம் - 3' என்று இருந்ததால் அவள் மூணு. ஒன்றும் இரண்டும் பொறுக்காமல் வேறு வேலைக்குப் போய்விட்டார்கள். இவள் நான்கு வருடமாக ஆண்டுக்கொரு நீட்டிப்புக் கடிதம் வாங்கிக்கொண்டு இருந்தாள். நிரந்தரமாக்கப்படுவோர் பட்டியலில் இந்த முறைதான் அவள் பெயர் ஏறியிருந்தது. ஆறாம் ஞாயிறுக்கு மறுநாள், திங்கள் பன்னிரண்டு மணிக்கு, அந்தப் பட்டியல் இயக்குநர் மேஜைக்குப் போகும். இந்த முறை தவறினால் வயது வரம்பு தாண்டிவிடும். பிறகு அவளுக்குப் பட்டியலே கிடையாது.

ஆறாம் ஞாயிறு மிச்சமிருந்தது கடைசிச் சாவி, கொஞ்சம் விவகாரமானது. ஸ்விட்சுகளுக்குக் கட்டளை கொடுக்க எந்தத் தெரு வழியாக உள்ளே போகிறார்களோ, அந்தத் தெருவையே மாற்ற வேண்டும். பிசகினால் வெளியே மாட்டிக்கொண்டு கதவைத் தட்டிக்கொண்டிருக்க வேண்டியதுதான். இதற்கு ஒரு முன்னேற்பாடு உண்டு. பெட்டியிடம் முதலிலேயே சொல்லிவிடுவார்கள்: இத்தனை நிமிடத்துக்குள் நான் வந்து 'வேண்டாம்' என்று சொல்லாவிட்டால், நான் வெளியே மாட்டிக்கொண்டேன் என்று அர்த்தம், நீயே ஒருமுறை அணைந்து, பழையபடி எழுந்துகொள். பின்வழிகளில் இது உத்தமமானது. பின்வழியார் இதைப் பற்றிப் பேசும்போது அவர் குரலே குழையும்.

இயந்திர அறை இரைச்சல் தாங்காது என்று பக்கத்து அறையில் மேஜை போட்டு உட்கார்ந்திருந்தார்கள்.

"முப்பத்தொண்ணு" என்றார்.

"சொல்லுங்க சார்."

"மூத்தவளுக்கு மட்டும். நாப்பத்தஞ்சு நிமிஷம்."

"போட்டாச்சு. இப்ப ஒண்ணு அம்பது. ரெண்டு முப்பத்தஞ்சுக்கு வெடிக்கும்."

"வெடிக்கும்னு சொல்லாதம்மா. ஆஸ்பத்திரி."

"சரி சார். ரெண்டு முப்பத்தஞ்சுக்குக் கண்ணை மூடுவாங்க."

"அது அதைவிட மோசம்."

இளைய மருமகளுக்கு மேல்மாடிக் கேபிள்களை அடுத்த வாரம்தான் இழுப்பதாக இருந்தது. ஆகவே அன்றைக்கு மூத்தவள் கண்ணை மூடினால் தாங்கிப் பிடிக்க ஆள் இல்லை. இருவருக்கும் இது தெரியும். ஒவ்வொரு வரியும் எச்சரிக்கையாக நகர்ந்தது. இரண்டு மணி பத்துக்குக் கடைசிச் சாவி கைமாறியது. ஒன்றும் ஆகவில்லை. தொடர்பு அறுந்துகூடப் போகவில்லை. எல்லாம் முதல் முயற்சியிலேயே நடந்துவிட்டது. பின்வழியாருக்கு இது பழக்கமில்லாத நிலைமை. சந்தேகத்தோடு திரையையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"நான் மேல மருந்தகத்துக்குப் போய் மூணு சீட்டு அடிச்சுப் பாத்துட்டு வரேன்" என்று மூணு எழுந்தாள். "அதுவரைக்கும் சும்மா உக்காருங்க சார். தட்டாதீங்க."

பத்து நிமிடம் சும்மா உட்கார்ந்தார். பிறகு பட்டியலைப் பார்த்தார். ஐம்பத்தெட்டாம் வரி: மறுதொடக்கத்தை ரத்து செய். ஒரே ஒரு வரி. அவள் வர நேரமாகலாம், நேரம் ஓடிக்கொண்டிருக்கிறது, தட்டிவிட்டால் நிம்மதி. விதிகளை மீறுகிறவர்கள் எல்லோரும் கெட்ட எண்ணத்தில் மீறுவதில்லை. நிம்மதி வேண்டும் என்று மீறுகிறவர்களே அதிகம். அவர் நாற்காலி மாறி உட்கார்ந்தார்.

திரையில் இரண்டு ஜன்னல்கள். இரண்டும் கறுப்பு. பெயரின் கடைசியில் ஒன்றுக்கு 1, மற்றதுக்கு 2. பின்வழியார் ரத்துக் கட்டளையைத் தட்டினார். 'திட்டமிட்ட மறுதொடக்கம் எதுவும் இல்லை' என்று பதில் வந்தது. நல்லது, நீங்கிவிட்டது என்று பட்டியலில் ஒரு சரி போட்டார்.

அவர் தட்டியது இளைய மருமகளின் ஜன்னலில். இளையவளுக்கு யாரும் எந்தத் திட்டமும் போட்டிருக்கவில்லை. பெட்டி பொய் சொல்லவில்லை. இடம் மாறிக் கேட்டால் உண்மையான பதிலும் ஆளைக் கவிழ்க்கும். இதைப் பெரிய பெரிய புத்தகங்களில் தேட வேண்டியதில்லை.

அதன் பிறகு அவர் செய்ததுதான் அவருக்கே உரிய காரியம். எல்லாம் இவ்வளவு நன்றாக முடிந்திருக்கிறதே, ஒருவேளை நாளை திரும்ப வேண்டியிருந்தால் மாமியார் தயாராக இருக்கிறாளா என்று பார்க்க, டார்ச் விளக்கோடு இயந்திர அறைக்குள் போனார். பழைய கேபிள்களை ஒவ்வொன்றாகத் தொட்டுத் தொட்டு எண்ணினார். மேலே, கிளம்பப்போன மூணுவை மருந்தகத்தார் அச்சுப்பொறியைப் பார்க்கச் சொல்லிப் பிடித்துவைத்திருந்தார்கள். பக்கத்து அறையில் மூத்த மருமகள், இன்னும் ஐந்து நிமிடம் என்று லேப்டாப் திரையில் எச்சரித்தாள். இன்னும் ஒரு நிமிடம் என்றாள். காலி நாற்காலி ஒன்றும் சொல்லவில்லை. இரண்டு முப்பத்தைந்துக்கு, சொன்ன சொல் தவறாமல், கண்ணை மூடினாள்.

அவள் முழுதாக எழுந்திருக்க ஒன்பது நிமிடம் ஆகும்.

யாருக்கும் உயிராபத்து இல்லை. படுக்கையோரக் கருவிகள் தனித்தனியே இயங்குபவை. ஆனால் மருந்தகத்தில் வரிசை நின்றது. ஆய்வகத்தில் முடிவுகள் பாதி வழியில் நின்றன. வார்டுகளில் மருத்துவர்கள் திரையை இரண்டு தட்டு தட்டிவிட்டு, வேறு வழியின்றி நோயாளிகளின் முகத்தைப் பார்த்தார்கள். ஒரு செவிலியர் காகிதமும் பேனாவும் கேட்டார், பேனா கிடைத்தது.

இரண்டு நாற்பத்துநான்குக்கு எல்லாம் திரும்பி வந்தது. படிகளில் மூச்சிரைக்க இறங்கி வந்தாள் மூணு.

"என்ன சார் ஆச்சு? அம்பத்தெட்டு போட்டீங்களா?"

"போட்டேனே" என்று திரையைக் காட்டினார். அவள் ஒரு நொடிதான் பார்த்தாள்.

"சார். இது ரெண்டு."

அவர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்து மாட்டிக்கொண்டு மறுபடி பார்த்தார். இரண்டு இரண்டாகவே இருந்தது.

அதற்குள் தொலைபேசி. கணினிப் பிரிவு மேலாளர். எதைக் கேட்டாலும் திரையில் ஸ்லைடு போட்டுத்தான் பதில் சொல்வார் என்பதால் அவருக்கு ஸ்லைடு என்று பெயர். "இயக்குநர் ஃபோன் பண்ணிட்டார். தட்டினது மூணுதானே?" என்று கேட்டு, பதில் வருமுன் வைத்துவிட்டார். கேள்வி நியாயமானதுதான். விதிப்படி தட்டுகிறவள் அவள். பெட்டிகளுக்குள் எல்லோரும் 'நிர்வாகி' என்ற ஒரே பெயரில், ஒரே லேப்டாப்பில்தான் நுழைந்தார்கள். ஆளுக்கொரு பெயர் வேண்டும் என்று பின்வழியார் நான்கு முறை எழுதியிருந்தார். ஸ்லைடு அதை நான்கு முறையும் அடுத்த காலாண்டுக்குத் தள்ளியிருந்தார்.

மூணு தன் பையை எடுத்துக்கொண்டாள். "நாளைக்குப் பன்னெண்டு மணிக்குப் பட்டியல் போகுது சார்" என்றாள். படியேறிப் போனாள்.

பின்வழியாரின் மனைவி பேருந்துப் பணிமனையில் நேரக்காப்பாளர். யார் தாமதம், எத்தனை நிமிடம் என்று முப்பது வருடமாக எழுதுகிறவள். சாயங்காலம் அவர் வந்த கோலத்தைப் பார்த்ததும் கேட்டாள்.

"முகம் ஏன் இப்படி இருக்கு?"

"ஒன்பது நிமிஷம் விழுந்துடுச்சு."

"எது?"

"நெட்வொர்க்."

"அப்பாடா. நீங்கதான் எங்கயோ விழுந்துட்டீங்கன்னு நினைச்சேன்."

நடந்ததைச் சொன்னார். அவள் துணி மடிப்பதை நிறுத்தவில்லை.

"அந்தப் பொண்ணுக்கு என்ன ஆகும்?"

"பட்டியல்ல இருந்து பேரை எடுத்துடுவாங்க."

"நீங்கதான்னு சொன்னா உங்களுக்கு என்ன ஆகும்?"

"விசாரணை வைப்பாங்க. கண்டிப்பு. பணிப்பதிவேட்டுல ஏறும்." கொஞ்சம் நிறுத்தி, "இருபத்தாறு வருஷம்" என்றார்.

"எங்க டிப்போல ஒரு டிரைவர் இருக்கார். முப்பது வருஷமா ஒரு உரசல் கிடையாது. ஏன் தெரியுமா? இருபது வருஷமா ஷெட்டுக்குள்ள மட்டும்தான் ஓட்டறார்."

"இப்ப எதுக்கு அந்தக் கதை?"

"சும்மா. தலையணை உறையைப் பிடிங்க."

அன்று மாலை முழுவதும் உட்கார்ந்து அவர் ஒரு விளக்கக் கடிதம் எழுதினார். தன் மேல் தானே வழக்குப் போடும் ஆள் எவ்வளவு கவனமாக இருக்க வேண்டுமோ அவ்வளவு கவனமாக. இளைய மருமகளின் பதிவேட்டில், தவறான கட்டளை வந்த நேரம் இரண்டு இருபத்தொன்று. மருந்தகத்தில் மூணுவே கையெழுத்திட்ட சோதனைச் சீட்டுகளின் நேரம் இரண்டு பத்தொன்பது, இருபது, இருபத்திரண்டு. மருந்தகத்திலிருந்து அடித்தளத்துக்கு நடக்க ஐந்து நிமிடம். அவள் ஒரே நேரத்தில் இரண்டு இடத்தில் இருந்திருக்க முடியாது. அறையில் இருந்தது ஒரே ஒருவர். அவர் எழுதியவற்றில் கொட்டாவி வராமல் படிக்கக்கூடியது இது ஒன்றுதான்.

திங்கள் பத்து மணிக் கூட்டம். ஸ்லைடு ஏற்கெனவே போட்டுவிட்டிருந்தார்: காரணம், மனிதத் தவறு, தட்டியவர், ஒப்பந்த ஊழியர். மேஜையின் மறுமுனையில் கையைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தாள் மூணு.

பின்வழியார் எழுந்தார். "தட்டினது நான்தான்" என்றார். குரல் தாழ்ந்து, தழுதழுத்து வந்தது.

அறை அவரைப் பார்த்த பார்வையில் மரியாதை கூடியது. ஸ்லைடு நெஞ்சில் கை வைத்தார். "சார், உங்க பெருந்தன்மை எங்களுக்குத் தெரியாதா? உங்க கையால இது நடந்திருக்குமா? கூட வேலை பாத்த பொண்ணுன்னு நீங்க பரிதாபப்படறீங்க. அதைப் பாராட்டறேன்."

குற்றமும் தீர்ந்து, பெருமையும் வந்து மடியில் விழும் இடங்கள் உலகத்தில் அதிகம் இல்லை. உண்மையைச் சொல்லியாகிவிட்டது, யாரும் நம்பவில்லை, இனி என் பொறுப்பு என்ன என்று உட்கார்ந்துவிடலாம். பின்வழியார் ஏறக்குறைய உட்காரவும் செய்தார். ஐந்து நொடி இருக்கும். அந்த ஐந்து நொடியை மூணு பார்த்துவிட்டாள்.

"சார்" என்றாள். "தப்பு பண்ணினா பண்ணினேன்னு சொல்ற மாதிரி சொல்லுங்க. எனக்காக விளக்கேத்தி வைக்கிற மாதிரி சொல்லாதீங்க. நீங்க இப்படிச் சொன்னா நான்தான் பண்ணினேன்னு ஆகுது."

"மூணு, பெரியவர்கிட்ட இப்படியா பேசறது?" என்றார் ஸ்லைடு.

பின்வழியார் நிமிர்ந்தார். இந்த முறை தாள்களை எடுத்து வைத்துக்கொண்டு, மணி, நிமிடம், சீட்டு என்று பட்டியல் வாசிக்கும் குரலில் வாசித்தார். சலிப்பூட்டும் குரல். ஆகவே நம்பும்படியாக இருந்தது. முடித்தபோது அறையில் யாரும் அவரை மரியாதையாகப் பார்க்கவில்லை.

ஸ்லைடு கதவைச் சாத்திவிட்டு வந்து உட்கார்ந்தார். "சார், வெளிப்படையாப் பேசுவோம். ஒப்பந்த ஊழியர்னா ஒரு வரி எழுதினா போதும், கோப்பு மூடிடும். நிரந்தர ஊழியர்னா விசாரணைக் குழு, மூணு பிரதி, பொதுப் பயனர் பெயர் ஏன் இருந்துச்சு, யார் அனுமதிச்சது, எல்லாம் வெளிய வரும். இது யாருக்கு நல்லது? உங்க கடிதத்தை உள்ள வைங்க."

"வைக்க முடியாது சார்."

"ஏன்?"

"நீங்க கதவைச் சாத்தினப்ப கைப்பேசில அனுப்பிட்டேன்."

"யாருக்கு?"

"சேவை தடைபட்டா எல்லாப் பிரிவுக்கும் விளக்கம் போகணும்னு விதி இருக்கே. எல்லாருக்கும். இயக்குநருக்கும்."

ஸ்லைடு தன் கைப்பேசியைப் பார்த்தார். அது அதே நொடியில் சிணுங்கியது. அறையில் இன்னும் நாலு கைப்பேசிகள் சிணுங்கின.

"இதுக்கு..." ஸ்லைடு கைப்பேசியைக் கவிழ்த்து வைத்தார். "இதுக்குப் பின்வழி என்ன சார்?"

"வைக்கல சார்" என்றார் பின்வழியார். சொல்லிவிட்டு, நெற்றி வியர்வையை மேஜைத் துணியால் துடைத்துக்கொண்டார். தைரியசாலி என்று அவரைச் சொல்ல முடியாது.

பன்னிரண்டு மணிக்குப் பட்டியல் மேலே போனது. மூணுவின் பெயர் இருந்தது. எடுக்கலாம் என்றால் காரணம் எழுத வேண்டும். எழுத வேண்டிய காரணம் ஆயிரத்து நூறு பேரின் அஞ்சல் பெட்டியில் வேறு விதமாக இருந்தது. வியாழக்கிழமை ஆணை வந்தது. அவள் அவருக்கு நன்றி சொல்லவில்லை. அவரும் எதிர்பார்த்த மாதிரி இரண்டு முறை அவள் மேஜைப் பக்கம் நடந்துவிட்டு, எதிர்பார்க்காத மாதிரி திரும்பிப் போனார்.

விசாரணைக் குழுவில் இருவர் இருக்க வேண்டும். ஒருவர் நிர்வாக அலுவலகத்திலிருந்து. மற்றவர், விஷயம் தெரிந்த நிரந்தரத் தொழில்நுட்ப ஊழியர். பிரிவில் நிரந்தரமானவர்கள் மூன்றே பேர். ஒருவர் குற்றம் சாட்டப்பட்டவர். ஒருவர் ஸ்லைடு, அவர் தாமாகவே விலகிக்கொண்டார். மீதி இருந்தவள் நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்து, பேனா மூடியைக் கழற்றினாள். நிர்வாக அலுவலகத்துக்காரர் அரைத் தூக்கத்தில் தலையாட்டினார்.

"சம்பவத்தன்று ரெண்டு இருபத்தொண்ணுக்கு எங்க இருந்தீங்க?"

"உனக்குத் தெரியாதாம்மா?"

"தெரியும். எழுதணும். சொல்லுங்க."

"அடித்தளத்துல. மேஜையில."

"தட்டுறதுக்கு முன்னாடி ஜன்னல் பேரைப் பாத்தீங்களா?"

"பாக்கல."

"ஏன்?"

அவர் யோசித்தார். களைப்பு என்று சொல்லலாம், வயது என்று சொல்லலாம். "எல்லாம் நல்லா நடந்துட்டு இருந்துச்சு" என்றார்.

அவள் அதை அப்படியே எழுதிக்கொண்டாள். "தட்டாதீங்கன்னு உங்களுக்கு யாராவது சொன்னாங்களா?"

"நீ சொன்ன."

"நான்னு எழுத முடியாது. 'உடன் பணிபுரிந்தவர்'னு போடறேன்."

"போடு."

இருபது நிமிடத்தில் முடிந்தது. பரிந்துரை: எழுத்துமூலக் கண்டிப்பு, ஆளுக்கொரு பயனர் பெயர், இந்தக் காலாண்டிலேயே. அறிக்கையைத் திருப்பி அவர் பக்கம் தள்ளினாள். பின்வழியார் முதல் பக்கத்திலிருந்து நிதானமாகப் படித்தார். 'கவனக்குறைவு' என்று இருக்கும் என்று நினைத்திருந்தார். அங்கே, 'தாம் வகுத்த விதியைத் தாமே மீறினார்' என்று இருந்தது.

"இது கொஞ்சம் கடுமையா இல்ல?" என்றார்.

"சரியா இல்லையா?"

மறுபடி படித்தார். ஒரு எழுத்துப்பிழைகூட இல்லை.

"சரியாத்தான் இருக்கு" என்று அவளிடமே பேனாவைக் கேட்டு வாங்கிக் கையெழுத்துப் போட்டார்.